சகரத்துக்கு இடமில்லாமல் போன என் முதல் விசைப்பலகை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் எனக்கு அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அறிவிப்பு, ஆலயத் திருவிழா அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளிகளுக்குச் சோதனைத் தாள் என்று தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் பதினொரு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. போன வருடம் தைப்பூச நேரத்தில் வேலை குவிந்தபோது வலது கைச் சுண்டுவிரல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் தைலம் தேய்த்தேன். பிறகு காலையில் எழுந்ததும் விரலை மடக்கவே முடியாத நிலை வந்தது. கிளினிக்கில் இரண்டு வாரம் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். நாள் கூலி மாதிரி ஓடும் தொழிலில் இரண்டு வாரம் யாரால் சும்மா இருக்க முடியும்? அன்று ராத்திரி அழுதேன். வலியைவிட, இந்த விரல் போனால் வேறென்ன செய்வோம் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஏன் அந்த ஒரு விரல் மட்டும் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பள்ளி நாளில் அஞ்சல் முறையில், அதாவது ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் தட்டும் முறையில், பழகியவள் நான். வேலைக்கு வந்த பிறகு வேகத்துக்காகத் தமிழ்99க்கு மாறினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த முறை அது. உயிர் எழுத்தெல்லாம் இடது கையில், மெய் எழுத்தில் பெரும்பாலானவை வலது கையில். உயிர்மெய் எழுதும்போது வலது, இடது, வலது, இடது என்று கை மாறி மாறிப் போகும், சுகமாக இருக்கும். ஆனால் சாதாரண விசைப்பலகையில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு எழுத்தும் வலது சுண்டுவிரலின் பங்குக்கு வந்து விழுகின்றன. அதோடு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட். ஐந்து விரலில் ஆகச் சின்ன விரலுக்கு ஆகப் பெரிய சுமை. முறையில் குறை சொல்ல மாட்டேன், அருமையான முறை அது. வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் அந்தப் பழைய தட்டச்சுப் பொறி வடிவம்தான் என் கைக்கு ஒத்துவரவில்லை.

தேடிப் பார்த்ததில், மெக்கானிக்கல் சுவிட்சுகளை ஒரு தகட்டில் பொருத்தி, பின்னால் கையாலேயே வயர் இழுத்து, தங்களுக்கு வேண்டிய வடிவில் விசைப்பலகை கட்டிக்கொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அச்சிட்ட சர்க்யூட் போர்டு தேவையில்லை, தொழிற்சாலை தேவையில்லை. எங்கள் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. நானாகத்தான் இறங்கினேன். ஏழு மாதம் ஆனது. சாமான் செலவு 667 வெள்ளி (ரிங்கிட்), ஈப்போவுக்கு ஆறு தடவை போய் வந்ததில் 72 வெள்ளி, இதில் மூழ்கியிருந்ததால் கைவிட்டுப் போன ஓர் ஆலயச் சிறப்பு மலர் வேலை 350 வெள்ளி. மொத்தம் 1,089. இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் சாமானுக்கு 430 வெள்ளியோடு முடித்திருப்பேன். அந்த வித்தியாசத்தை வேறு யாரும் கட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. பலரும் புகழ்ந்த 36 விசை அமைப்பு ஒன்றைப் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து, கட்டைவிரல்களுக்கு மும்மூன்று. விரல் எங்கும் எட்டிப் போக வேண்டாம், விசைகள் நேர் நேராக நிற்கும். ஆங்கில எழுத்து இருபத்தாறுக்கும் இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன், இருந்தது. அப்படியே கட்டினேன். ஆறு வாரம் கழித்துக் கணினியில் செருகி, கையிலிருந்த ஒரு நிச்சயதார்த்த அழைப்பிதழையே முதல் வேலையாகத் தட்ட உட்கார்ந்தேன். 'நி' வந்தது. அடுத்து சுண்டுவிரல் மேலே போய் ச-வைத் தேடுகிறது, அங்கே விசையே இல்லை. வெறும் பிளாஸ்டிக் ஓரம். தமிழ்99இல் ச-வும் ஞ-வும் இருப்பது ஆங்கில P-க்கு வலப்பக்கம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில். ய இருப்பது மேற்கோள் குறி விசையில். ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு அவை எப்போதாவது தொடும் குறிகள் என்பதால் சின்ன விசைப்பலகைகளில் முதலில் வெட்டி எறியப்படுபவை அவைதான். ச-வும் ய-வும் இல்லாமல் நிச்சயதார்த்தம் என்று எழுதவே முடியாது. அந்த நிமிடம் என் நெஞ்சு அப்படியே உட்கார்ந்துபோனது.

கட்டைவிரலால் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டினால் ச வருவது மாதிரி ஃபர்ம்வேரில், அதாவது விசைப்பலகைக்குள் ஓடும் நிரலில், மாற்றிப் பார்த்தேன். அதற்கு அடுக்கு, அதாவது லேயர் என்று பெயர். எண்களுக்கும் குறிகளுக்கும் அது நல்ல வழி. ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் நான் எண்ணிப் பார்த்தபோது ச, ய இரண்டும் சேர்ந்து 60 தடவைக்கு மேல் வந்தன. அத்தனை தடவை அழுத்திப் பிடிப்பது புது வலிக்கு வழி. ஆகவே தகடு வெட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அமைப்பை முழு அளவில், ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர் இருக்கும்படி காகிதத்தில் அச்சடித்து மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ் எழுத்தை எழுதுங்கள். பிறகு நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து ஒரு முழுப் பக்கத்தை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் தட்டிப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்த எழுத்துக்கு வீடு இல்லை என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்து சென் காகிதம் எனக்கு ஆறு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

அந்த முதல் பலகையில் வேறு என்னென்ன கோளாறு என்று வரிசையாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் காசு போயிருக்கிறது. சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகட்டை ஈப்போவில் விளம்பரப் பலகை செய்யும் ஒரு கடையில் அக்ரிலிக்கில் லேசர் வைத்து வெட்டினேன், 55 வெள்ளி. அவர்களிடம் இருந்தது 3 மில்லிமீட்டர் தடிமன், பார்க்கவும் உறுதியாகத் தெரிந்தது. ஆனால் நான் வாங்கிய செர்ரி எம்எக்ஸ் வகைச் சுவிட்சின் பக்கத்தில் இருக்கும் கொக்கி 1.5 மில்லிமீட்டர் தகட்டுக்குத்தான் மாட்டும். அதற்கு மேல் தடிமன் போனால் கொக்கி விரிய இடமில்லை, சுவிட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கீகேப்பை, அதாவது விசையின் மேல் மூடியைக் கழற்றினால் சுவிட்சும் கூடவே வந்து, பின்னால் ஒட்டிய வயரையும் பிய்த்துவிடும். எனக்கு நாலு தடவை அப்படி நடந்தது. இன்னொன்று, ஓட்டை 14க்கு 14 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். லேசர் தன் பங்குக்குக் கொஞ்சம் எரித்துவிடுவதால் வரைபடத்தில் 14 என்று போட்டாலும் வெட்டி முடித்த பிறகு ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிடும். முழுத் தகட்டுக்குக் கொடுக்கும் முன் 13.8, 13.9, 14.0 என்று மூன்று நாலு ஓட்டை மட்டும் துண்டில் வெட்டித் தரச் சொல்லி, ஒரு சுவிட்சைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றும் போட்டு வையுங்கள். கடைக் கணினியில் கோப்பைத் திறக்கும்போது அளவு மாறியிருந்தால் அந்தக் கோட்டை அளந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் தடவை நான் உலோகக் கடையில் 1.5 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு வெட்டினேன். 110 வெள்ளி என்றதும் மனம் பதறியது. இன்றுவரை ஒரு சுவிட்ச் அசையவில்லை.

வயரில் நான் ஏமாந்தது வேறு விதம். பக்கத்து வீட்டு அண்ணன் இண்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலைக்குப் போகிறவர். மிச்சம் மீதி லான் கேபிள் ஒரு சுருள் தந்தார். உள்ளே எட்டு வண்ண இழைகள், வரிசைக்கு ஒரு வண்ணம், பத்திக்கு ஒரு வண்ணம் என்று பிரிக்க வசதியாக இருக்கும் என்று மகிழ்ந்துபோனேன். வயரைச் சுவிட்சோடு பற்றவைக்கும் ஈயம் அதில் ஒட்டவே மாட்டேன் என்றது. ஒட்டினாலும் ஒரு தடவை வளைத்தால் படக்கென்று ஒடிந்தது. என் கைதான் சரியில்லை என்று பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பிளேடால் சுரண்டியபோது செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் அது. ஈயம் பற்றவைக்கும் வேலைக்கு ஆகாது. முழுச் செம்பில் செய்த லான் கேபிளாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், இப்போது என் பலகையில் இருப்பதும் அதுதான். சுரண்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பற்றவைக்கும் கம்பியும் அப்படித்தான். ஈயம் கலக்காதது உடம்புக்கு நல்லது என்று வாங்கினேன், புதிதாகப் பழகும் கைக்கு அது கொஞ்சமும் வசப்படவில்லை. வெப்பத்தைக் கூட்டக் கூட்ட, சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிக் கால் ஆட ஆரம்பித்தது. ஒன்பது சுவிட்ச் அப்படிப் போனது. 15 வெள்ளி சோல்டரிங் அயர்னில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை என்பதும் காரணம். பிறகு வெப்பம் மாற்றக்கூடிய ஒன்றை 68 வெள்ளிக்கு வாங்கி, 350 டிகிரியில் வைத்து, உள்ளே ரோசின் என்ற பிசின் உள்ள, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கம்பியைப் பயன்படுத்தினேன். இரண்டு மூன்று வினாடி தொட்டால் போதும், ஈயம் பளபளவென்று வழிந்து பிடித்துக்கொள்ளும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். சன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த மேசைப் பக்கம் விடவே கூடாது.

அடுத்தது டையோடு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பொருள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி வயர் போட்டால் எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் கண்ட்ரோலர் போர்டில் வயர் ஒட்டும் கால்கள் போதாது. அதனால் வரிசை, பத்தி என்று வலை மாதிரி பின்னுகிறோம். என் இப்போதைய பலகையில் 50 விசை, ஆனால் 4 வரிசையும் 13 பத்தியுமாக 17 கால்தான் செலவு. இந்த வலையில் டையோடு இல்லையென்றால், ஒரு சதுரத்தின் மூன்று மூலை விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது நாலாவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் விசைக்கு ஒரு 1என்4148 டையோடு. நூறு டையோடு 6 வெள்ளிதான், பிரச்சினை விலையில் இல்லை, திசையில். அதன் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். எல்லாக் கோடும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாம் வரிசையை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்து தகட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் மூன்றாம் வரிசையில் பாதி தலைகீழாகப் போய்விட்டது. பலகை முழுக்கத் தலைகீழ் என்றால் ஃபர்ம்வேரில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். பாதி இப்படி, பாதி அப்படி என்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அன்றிலிருந்து தகட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஒரு வரிசை முடிந்ததும் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வரிசை. ஒரு பக்கம் வைத்தால் 0.6 வோல்ட் அருகே காட்டும், மாற்றி வைத்தால் எதுவும் காட்டாது.

இதைப் போலவே, வயர் இழுப்பது பின்பக்கத்தில் என்பதால் இடம் வலமாகிவிடும். எனக்கு Q தட்டினால் P வந்தது. பிடுங்கத் தேவையில்லை, ஃபர்ம்வேரில் பத்திகளின் வரிசையைத் திருப்பி எழுதினால் போதும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பத்து வயரைப் பிடுங்கி மறுபடி ஒட்டினேன்.

கண்ட்ரோலருக்கு முதலில் புரோ மைக்ரோ என்ற சின்னப் போர்டு இரண்டு வாங்கினேன். அதில் கேபிள் செருகும் மைக்ரோ யுஎஸ்பி வாய் மேலாக ஒட்டியிருக்கும். மூன்றாவது வாரம் கேபிள் தடுக்கி, வாய் அடியிலிருந்த செம்புத் தடத்தோடு பெயர்ந்து வந்தது. இரண்டாவதுக்கும் அதே கதி. இப்போது ராஸ்பெர்ரி பை பிக்கோ வைத்திருக்கிறேன், 21 வெள்ளி, 26 கால் கிடைக்கிறது. அதிலும் மைக்ரோ யுஎஸ்பிதான், அதனால் உள்ளே ஒரு குட்டைக் கேபிளைச் செருகி, பெட்டியோடு கட்டி, வெளியே வேறு வாய் விட்டிருக்கிறேன். இழுவை போர்டுக்குப் போகவே போகாது. பிக்கோவில் ஃபர்ம்வேர் ஏற்றுவதும் சுலபம். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கணினியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. நான் பயன்படுத்துவது கியூஎம்கே என்ற ஃபர்ம்வேர், இலவசம். இதை எல்லா வேலைக்கும் முன்னால் செய்யுங்கள். ஒரு வயர் கூட ஒட்டாத போர்டில் ஃபர்ம்வேரை ஏற்றி, ஒரு வரிசைக் காலையும் ஒரு பத்திக் காலையும் துண்டு வயரால் தொட்டால் திரையில் எழுத்து விழ வேண்டும். விழுந்தால் போர்டும் ஃபர்ம்வேரும் நன்றாக இருக்கின்றன, இனி தவறு வந்தால் ஒட்டியதில்தான் என்று நிம்மதியாகத் தேடலாம். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். விசைப்பலகைக்குத் தமிழ் தெரியாது. அது எந்த விசை என்று மட்டும் சொல்கிறது, அதைத் தமிழாக்குவது கணினியில் உள்ள தமிழ்99. அதனால் ச வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறியைத்தான் வைக்க வேண்டும். ச என்ற எழுத்தையே ஃபர்ம்வேரில் எழுத முயன்று ஒரு வாரம் வீணாக்கினேன்.

இரண்டாவது பலகையை வரைய உட்கார்ந்தபோது காகிதமும் பென்சிலும்தான் துணை. ஆங்கிலத்தை மறந்துவிட்டு, என் சுண்டுவிரலிலிருந்து எதை எடுக்கலாம் என்று மட்டும் பார்த்தேன். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு பத்தியைக் கூடுதலாக வைத்து, அதில் மேலே ச, நடுவில் ய, கீழே ஞ. மூன்றையும் வலது ஆள்காட்டி விரல் பார்த்துக்கொள்ளும். சுண்டுவிரலுக்கு எழுத்தில் மிச்சம் ண, ந, ழ மட்டும். சுவிட்ச் இன்னொரு பெட்டி வேண்டியிருந்தது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் 84 வெள்ளி 92 ஆனது. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிச் சாமானுக்கும் 10 விழுக்காடு வரி இருக்கிறது, கணக்குப் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை அப்பா செய்தார். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. பழைய கட்டில் சட்டம் ஒன்று பால்மரப் பலகையில் செய்தது வீட்டில் கிடந்தது, அதை அறுத்து இழைத்துக்கொண்டே, "மரத்த வெட்டி வெட்டி உங்களப் படிக்க வச்சேன், இப்ப அதுமேலயே நீ கைய வச்சு எழுதப்போற"ன்னார். எனக்குப் பதில் பேச வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில்தான் ஒரு பெரிய அடி. ஒரு குடும்பத்தின் கருமக்கிரியை அறிவிப்பில் 'மகள்' என்று வர வேண்டிய இடத்தில் 'மக்கள்' என்று வந்திருந்தது. 50 தாள் அச்சாகிவிட்டது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதில் புள்ளி தானாக விழும், அது நமக்கு வசதிக்காக. ஆனால் க விசையில் ஒட்டு சரியாகப் பிடிக்காமல், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகியிருக்கிறது. க என்று தட்டியது க்க ஆகிவிட்டது. மக்கள் என்பதும் சரியான சொல்தான் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாய் திறக்கவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றேன். புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன், அந்தக் காகிதச் செலவை மேலே சொன்ன கணக்கில் நான் சேர்க்கவில்லை. பிறகு அந்த ஒட்டை உருக்கிப் புதிதாக ஒட்டினேன். ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகாமல் தடுக்கும் இடைவெளி கியூஎம்கேயில் வழக்கமாக 5 மில்லிவினாடி, அதை 10 ஆக்கினேன். புதுப் பலகை கட்டியதும் ஒவ்வொரு மெய்யையும் ஐம்பது தடவை அ-வோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள். இடையில் அ இருப்பதால் புள்ளி விழ வழியில்லை, அதனால் கஅ கஅ என்று தட்டிக்கொண்டு போகும் வரிசையில் எங்காவது ஒரு புள்ளி தலைகாட்டினால் அந்த விசையில் கோளாறு. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

விரல்கள் புது இடத்துக்குப் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவசர வேலையைப் பழைய விசைப்பலகையிலேயே செய்தேன், புதியதில் ராத்திரி அரை மணி நேரம் மட்டும் பழகினேன். ஆலய மலர் வேலையை இழந்தது இதை முன்பே செய்யாததால்தான். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மழை நாளில் கொஞ்சம் குடைகிறது. ஆனால் காலையில் விரல் மடங்குகிறது.

போன மாதம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் சோதனைத் தாள் வாங்க வந்தவர், இதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்கும் அதே விரலில்தான் வலி. சுவிட்ச் எதையும் இன்னும் வாங்கச் சொல்லவில்லை. அமைப்பை முழு அளவில் அச்சடித்துக் கொடுத்து, வீட்டு மேசையில் ஒட்டி ஒரு வாரம் அதன் மேல் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று வந்தபோது ழ இருக்கும் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.